உங்கள் தங்கையைக் கண்டியில் விட்டுவிட்டு வந்தது குறித்து

மேல் டிவிஷன்,
ருவான்வெல்லை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் அழகமுத்து அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஜெயம்மாவின் கணவன் நாகலிங்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். ஜெயம்மாவும் நலம். அதிலும் கடந்த ஒரு வாரமாக முன்னெப்போதும் இல்லாத நலம், அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். வத்தளையில் நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க எங்கள் தோட்டத்து முருகன் துணையிருப்பானாக.

மச்சான், நான் போன் எடுத்தால் நீங்கள் வெட்டிவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் காலத்திலும் பேனாவைத் தேடி எடுத்தேன். "நாகலிங்கம் பொண்டாட்டியக் கண்டியில விட்டுட்டுப் பூந்தோட்டம் பாக்கப் போயிட்டாரு" என்று தோட்டத்திலிருந்து யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வசனத்தில் பிழை இல்லை. ஆனால் ஒரே ஒரு வசனத்தைப் பிய்த்து எடுத்துச் சொன்னால் எந்த மனுஷனும் அயோக்கியனாகத்தான் தெரிவான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், முழுவதும் வாசித்த பிறகு திட்டுங்கள்.

எங்கள் மரண உதவிச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர் என்பது உங்களுக்குத் தெரியும். கடவுள் கிருபையால் இந்த வருஷம் சங்கத்தில் யாருமே சாகவில்லை. காசு அப்படியே கிடக்கிறதே, உயிரோடு இருப்பவர்களுக்கும் ஏதாவது செய்வோம் என்று நான்தான் கூட்டத்தில் சொன்னேன். கண்டிக்கு ஒருநாள் பயணம், ஒரு பஸ், சரித்திரம் சொல்ல ஒரு கைட் மாத்தயா என்று தீர்மானமாகியது. சங்கத்து பேனரை பஸ்ஸின் நெற்றியில் கட்டினோம். அதில் தமிழிலும் சிங்களத்திலும் 'மரண உதவிச் சங்கம்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அதன் பலனைக் கேகாலை தாண்டும்போதுதான் கண்டோம். எதிரே வந்த வாகனமெல்லாம் ஓரங்கட்டி நின்றன. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். ஒரு பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு எங்களை முதலில் போகவிட்டார். பஸ்ஸுக்குள் இருந்த பெண்கள் அந்த நேரம் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்ததால், ஜன்னலைச் சாத்தும்படி நான் சொல்ல வேண்டியதாயிற்று.

கைட் மாத்தயா நல்ல மனிதர், சிங்களத்தில் அழகாகச் சொல்லுவார். மாவனல்லையைத் தாண்டியதும், "இவங்களுக்கு தமிழ்ல சொல்ல யாராவது இருக்கீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். உண்மையைச் சொன்னால் எங்கள் பஸ்ஸில் சிங்களம் தெரியாதவர் ஒருவருமில்லை. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பழகிய சனம், கைட்டை விட வேகமாகச் சிங்களம் பேசும். ஆனாலும் சரித்திரம் என்பதைத் தாய்மொழியில் கேட்டால்தானே மனதில் நிற்கும்? அதனால் நான் எழும்பி மைக்கை வாங்கினேன். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வெள்ளைக்காரன் ரோட்டுப் போட்ட கதையை அவர் இரண்டு வசனத்தில் சொன்னார், நான் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் என்பதால் ரோட்டு வேலையில் உள்ள கஷ்டங்களையும் சேர்த்துச் சொன்னேன். முடிக்கும்போது பஸ் பிலிமத்தலாவைக்கு வந்துவிட்டது.

"ஐயா, நான் ரெண்டு சொன்னா நீங்க இருபது சொல்றீங்களே" என்றார் கைட்.

"தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை மாத்தயா" என்றேன்.

இதற்கிடையில் ஜெயம்மா ஒரே ஒரு விஷயம் கேட்டாள், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "என்னங்க, அந்தக் கண்டிக் குளத்துக்கிட்ட கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரணுங்க" என்றாள். "புரோகிராம்ல பாப்போம்" என்றேன். செயலாளர் என்ற முறையில் அதைத்தான் என்னால் சொல்ல முடியும். எல்லாரும் ஆளுக்கொரு ஆசை சொன்னால் பஸ் எப்போது வீடு வந்து சேருவது?

தலதா மாளிகையைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், பழைய அரண்மனைப் பக்கம் கைட் எங்களை நிறுத்தினார். கண்டியின் கடைசி ராஜாதான் இந்தக் குளத்தைக் கட்டினார், பிறகு வெள்ளைக்காரன் அவரைப் பிடித்துக் கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பிவிட்டான் என்று சொன்னார். மச்சான், வேலூர் என்று கேட்டதும் என் மனது இளகிவிட்டது. நம் ஆட்கள் அங்கிருந்து கப்பலேறி இங்கே வந்தார்கள், ராஜா இங்கிருந்து கப்பலேறி அங்கே போனார். இதைச் சொல்லாமல் விட முடியுமா? கையோடு கொண்டுவந்திருந்த மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னேன். "ராச்சியம் போச்சு, அரண்மனை போச்சு, ஆனா அந்த மனுசன் ராணிமாரை அம்போன்னு விட்டுட்டுப் போகல்ல, கூடவே கூட்டிக்கிட்டுப் போனாரு! அவருதான் ஆம்பள!" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த நேரத்தில்தான் உங்கள் தங்கை என் பக்கத்திலிருந்து போயிருக்கிறாள்.

இனி நான் சொல்வதை நிதானமாக வாசியுங்கள். பஸ்ஸில் ஏறியதும் நான் தலைகளை எண்ணினேன். பொறுப்பில்லாதவன் என்று சொல்கிறார்களே, அவர்கள் யாராவது எண்ணினார்களா? நான் எண்ணினேன், கணக்கும் சரியாக இருந்தது. கணக்கு சரியாக இருந்ததுதான் விபத்து. கடைசி சீட்டில் ஒரு பெரியவர் துணிப் பார்சல்களை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். யாரோ கூட்டிவந்த சொந்தக்காரர் என்று நினைத்து அவரையும் எண்ணிவிட்டேன். ஜெயம்மா பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருப்பாள் என்று எண்ணினேன், பெண்கள் அவள் முன்னால் என்னோடு இருப்பதாக எண்ணியிருக்கிறார்கள். பஸ் பேராதனைப் பூந்தோட்டத்து வாசலில் நின்றதும் அந்தப் பெரியவர் விழித்துக்கொண்டு, "மாவனல்ல வந்துட்டா?" என்று கேட்டார்.

"இது மாவனல்லை பஸ் இல்லீங்க, மரண உதவிச் சங்கத்து பஸ்" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. பெயர் நுஹ்மான், மாவனல்லையில் புடவைக் கடை. மனைவி ஹபீலாவோடு கண்டிக்குச் சாமான் எடுக்க வந்திருக்கிறார். "நீங்க போய் சீட் புடிச்சு வைங்க, நான் கொஞ்சம் காலாறிட்டு வாறன்" என்று அந்த அம்மா சொல்ல, கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர், நின்றுகொண்டிருந்த எங்கள் பஸ்ஸில் ஏறி, இடம் பிடித்து, தூங்கியும் விட்டார். "ஐயோ, எங்கட வீட்டுக்காரி கண்டியில" என்று அவர் தலையில் கைவைத்தார். அவருக்கு ஆறுதல் சொல்லும்படி ஜெயம்மாவைக் கூப்பிடத் திரும்பினேன். அப்போதுதான் தெரிந்தது.

என் நிலைமையை எப்படி எழுதுவேன்? போன் போடலாம் என்றால், அவளுடைய போன் என் சட்டைப் பையில் இருந்தது. என்னுடையதில் சார்ஜ் இல்லாததால், நான் மைக்கோடு நிற்பதைப் படம் எடுக்க அவளிடம் வாங்கியது. நுஹ்மான் தன் மனைவிக்குப் போன் போட்டு, எங்கள் பஸ்ஸில் மாறி ஏறியதைச் சொன்னார். அந்த அம்மா பேசியது பஸ் முழுக்கக் கேட்டது.

"நான் குளத்தடியில ஈக்கிறன். பக்கத்துல ருவான்வெல்ல அம்மா ஒராள் ஈக்கிறாங்க. அவங்கட வீட்டுக்காரரும் அவங்கள விட்டுட்டுப் போய்ட்டாராம். ஒண்டும் அவசரமில்ல, ரெண்டு பேரும் ஆறுதலா வாங்க."

சங்கத்தார் பூந்தோட்டம் பார்க்க இறங்கினார்கள். நானும் நுஹ்மானும் ஒரு ஆட்டோவில் கண்டிக்குத் திரும்பினோம். பூந்தோட்டத்தை நான் வாசலோடு பார்த்ததுதான், அதற்கு மேல் ஒரு பூவைக்கூடப் பார்க்கவில்லை என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும். வழியெல்லாம் வாகன நெரிசல். நுஹ்மான் வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். எனக்கு உங்கள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. தாலி கட்டிய அன்று என் தோளில் கைபோட்டு, "தங்கச்சிய பாத்துக்கங்க மச்சான்" என்று நீங்கள் சொன்னீர்களே, அது காதில் கேட்டது. ஆட்டோக்காரரிடம் வேகமாகப் போகச் சொன்னேன். "பறக்கவா சொல்றீங்க?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார். அதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

குளத்து ஓரத்தில் மர நிழலில் ஒரு பெஞ்சு. அதில் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி, வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார்கள். வரும் வழியெல்லாம் அழுதுவிடுவேன் என்று பயந்த நான், அவளைக் கண்டதும் கத்திவிட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். "சொல்லாம கொள்ளாம எங்க போன? உனக்கு அறிவிருக்கா?"

ஜெயம்மா எழும்பவில்லை. "சொல்லிட்டுத்தாங்க போனேன். குளத்துக்கிட்ட இருக்கேன்னு சொன்னேன். மைக்கைப் புடிச்சுக்கிட்டு என் மூஞ்சியப் பாத்துத் தலைய ஆட்டினீங்க."



"நான் இல்லேன்னு எப்பங்க தெரிஞ்சிச்சு?" என்று கேட்டாள்.

"பஸ் எடுத்த உடனேயே" என்றேன்.

"பேராதெனியவுல" என்றார் நுஹ்மான். அவர் பொய் சொல்லாத மனிதர். அந்த நேரத்தில் அது எனக்கு உதவவில்லை.

ஜெயம்மா சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "வயசுக்கு வந்ததுலேர்ந்து விடியக் காலையில ரப்பர் பால் வெட்ட மரத்துக்கு மரம் ஓடினேன். வீட்டுக்கு வந்தா அடுப்பு, துணி, பிள்ளைங்க. ஒண்ணும் செய்யாம ஒரு எடத்துல உக்காந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்னு ஆசை. இன்னைக்குப் பாத்தேன். நல்லாத்தாங்க இருக்கு. இந்த அக்கா, நீ என்னென்ன வேலை செஞ்சேன்னு கேட்டாங்க. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நீங்க இன்னும் கொஞ்சம் சுணங்கி வந்திருந்தாலும் பரவாயில்ல."

மச்சான், நான் நிறையப் பேசுகிறவன். இழவு வீட்டில் இரங்கலுரை, கலியாண வீட்டில் வாழ்த்துரை, எல்லாம் நான்தான். ஆனால் அன்றைக்கு நானும் செருப்பைக் கழற்றினேன். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையில் கொஞ்சம் கடலையைக் கொட்டினாள். தண்ணீருக்குள் பெரிய பெரிய மீன்கள் சும்மா நின்றன. நுஹ்மான் அடுத்த பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிவிட்டார். அவள் விரல்களில் பால் வெட்டுக் கத்தி பிடித்துக் காய்த்த தழும்பு இருக்கிறது, அதை அன்றைக்குத்தான் நான் சரியாகப் பார்த்தேன். எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. பிறகு சங்கத்து பஸ்ஸை எங்களுக்காக நிற்காமல் போகச் சொல்லிவிட்டு, நாலு பேரும் கேகாலை பஸ்ஸில் ஏறினோம். நுஹ்மானும் ஹபீலா அம்மாவும் மாவனல்லையில் இறங்கினார்கள். எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

நடந்தது இவ்வளவுதான். இதில் நான் அவளைக் கைவிட்டது எங்கே? மறந்தது உண்மை. மறப்பது வேறு, கைவிடுவது வேறு என்று எழுத நினைத்தேன். அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது, அதனால் அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஜெயம்மா கோபிக்கவுமில்லை, குறை சொல்லவுமில்லை. பாட்டு முணுமுணுக்கிறாள். பின்னேரத்தில் வாசல்படியில் காலை நீட்டி உட்காருகிறாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. நானும் மாறிவிட்டேன் மச்சான். அவள் வாயைத் திறந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்கிறேன். இந்த விஷயத்தில் இனி உங்களுக்கு ஒரு குறையும் வராது.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி, உங்கள் கோபத்துக்கு என் மன்னிப்பு.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மரியாதைக்குரிய தங்கையின் கணவன்,
கா. நாகலிங்கம்
செயலாளர், மரண உதவிச் சங்கம்

பி.கு.: இதை எழுதி முடித்துவிட்டுத் தேத்தண்ணி கேட்டேன், பதில் இல்லை. வீட்டில் யாருமில்லை. பக்கத்து வீட்டு சுமித்ரா சொல்கிறாள், காலையில் மாவனல்லையிலிருந்து ஒரு வேன் வந்ததாம், ஹபீலா அம்மாவோடு ஜெயம்மா பையும் கையுமாக ஏறிப் போனாளாம். "அங்கிள்கிட்ட சொல்லிட்டீங்களான்னு கேட்டேன். 'சொன்னேன், எழுதிக்கிட்டே உம்முன்னாரு'ன்னு சொன்னாங்க" என்கிறாள். உம் சொன்னது எனக்கும் லேசாக ஞாபகம் இருக்கிறது. கடுகண்ணாவைப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். எங்கே போவதாகச் சொன்னாள் என்பதுதான் தெரியவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், மேலே நான் மாறிவிட்டதாக எழுதியிருக்கும் இடத்தை மட்டும் அவளிடம் காட்ட வேண்டாம்.