நம்பிக்கைப் படை, ஒருமனதாக

மனித குலத்தை வெறியிலிருந்து மீட்கும் மகத்தான பணி எங்கள் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் கழிவறைக்கும் நடுவிலுள்ள அறையில் நடந்துவருகிறது. உலகத்துக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு ஃபேனாவது மாட்டிக் கொடுத்திருக்கும்.

நாங்கள் சித்திரக்கதைப் புத்தகம் போடுகிறவர்கள். படத்திலுள்ளவர்களின் வாயிலிருந்து கிளம்பும் வெள்ளைக் குமிழிகளுக்குள் வசனம் எழுதுவது என் பங்கு. பதவியின் பெயர் உதவி ஆசிரியர். ஆசிரியர் நாற்காலி சில மாதங்களாகக் காலி. அதில் யார் உட்காருவது என்பது முதலாளியின் திருவுள்ளம். நான் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தினமும் தூசு தட்டுவதோடு சரி.

படம் வரைபவள் என் கூடப்பிறந்த தங்கை. நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். கையில் வித்தை உண்டு, வாய்க்குத்தான் பூட்டு கிடையாது. இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் உருவாக்கிய கதை 'நம்பிக்கைப் படை'. ஐந்து சாகச வீரர்கள். ஒருத்தி சண்டைக்கு முன்னால் கும்பிடுவாள். ஒருவன் சண்டை முடிந்து, உயிரோடு இருந்தால் கும்பிடுவான். ஒருவனுக்குக் கடவுளே கிடையாது. இன்னொருத்திக்கு உண்டா இல்லையா என்று இன்னும் முடிவாகவில்லை. ஐந்தாவது ஆளுக்கு இந்த நாலு பேரையும் விலக்கிவிடுவதற்கே தெம்பு போதவில்லை. வானத்தில் பறந்துகொண்டே வாக்குவாதம் செய்வார்கள். ஆனால் ஒருவர் விழுந்தால் மற்ற நாலு பேரும் பாய்ந்து பிடிப்பார்கள்.

எதிரியின் பெயர் 'ஒரே சுடர்ச் சபை'. மகாகுரு சொன்னால் அந்தச் சபை கை தூக்கும், சொல்லாவிட்டால் மூச்சுகூட விடாது. அதன் மண்டபத்தைத் தங்கை இரண்டு பக்கத்துக்கு விரித்து வரைந்திருந்தாள். வரிசை வரிசையாக ஆட்கள். எல்லாக் கையும் மேலே. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத கண்கள். மாதிரிக்கு எங்கே போனாள் என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை மீட்டிங்கில் அவள் மும்முரமாகக் குறிப்பெடுப்பதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தோம். மேடையிலிருந்த மகாகுருவுக்கு இரட்டைத் தாடையும், நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியும் இருந்தன. கவனித்தேன். கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வண்ணம் பூசுவதற்கு முன்னால் பக்கங்களை முதலாளியின் பார்வைக்கு வைப்பது எங்கள் மரபு. முதலாளி வசனம் படிப்பதில்லை. படத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துவிடுவார். இதை 'ஞானதிருஷ்டி' என்று நாங்கள் வியப்போம், அவர் காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு.

அன்று காலை அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு மண்டபப் பக்கத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அடடா! இதுதான்யா படை! என்ன கட்டுப்பாடு! என்ன ஒத்துமை! நம்ம ஆஃபீஸ் மாதிரியே இருக்கு!"

விற்பனை மேலாளர், "அப்படியே இருக்கு சார்" என்றார். அவர் சொன்னது உண்மைதான்.

"இந்தத் தலைவன் முகத்தைப் பாருங்க. என்ன ஒரு களை! எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?"

யாருக்கும் எங்கே பார்த்தோம் என்று நினைவு வரவில்லை. முதலாளி பக்கத்தைப் புரட்டினார். ஐந்து வீரர்களும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இதென்ன கும்பல்? ஒருத்தன் பேச்சை ஒருத்தன் கேக்க மாட்டேங்கறான்! ஓ... இவனுங்கதான் அந்த வெறியனுங்களா?"

"எப்படி சார் டக்குனு புடிச்சீங்க?" என்றார் விற்பனை மேலாளர்.

தங்கை எழுந்து நின்றாள். "சார், தலைகீழா சொல்றீங்க. அந்த அஞ்சு பேர்தான் ஹீரோ. மண்டபத்துல இருக்கறவங்கதான் வெறியங்க. மேடையில நிக்கறவன் வில்லன்."

முதலாளி கோபப்படவில்லை. பெரிய மனிதர். சிரித்தார்.

"வரையறவங்களுக்குத் தாங்க வரைஞ்சது என்னன்னு தெரியாதும்மா. அதுக்குத்தானே மீட்டிங் வெச்சிருக்கோம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "வசனம் எழுதறவர் நீங்க. படை எது, சபை எதுன்னு மத்தியானம் நீங்களே சொல்லிடுங்க. உங்க வார்த்தைதான் முடிவு. அப்படியே அந்த ஆசிரியர் விஷயத்தையும் பேசி முடிச்சிடலாம்."

தங்கை என்னை மாடிப்படி வளைவில் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, ஒரே ஒரு வார்த்தை. 'அது சபைதான் சார்'னு சொல்லு, போதும். அவரே உன் கையில குடுத்துட்டார்."

"சபைன்னா தலைவன் வில்லனாயிடுவான். வில்லனுக்கு ஏன்யா என் தாடைன்னு முதலாளி கேட்டா?"

"கேக்கட்டுமே. நல்ல கேள்விதானே?"

"எதுக்கும் வீட்டுல உக்காந்து நிதானமா பேசிக்கலாம்மா."

"வீட்டுல நீ புலிதான் அண்ணா. அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க." அவள் குரல் உடைந்தது. "ரெண்டு வருஷம் அண்ணா. அந்த அஞ்சு பேரும் எனக்குப் பிள்ளைங்க மாதிரி. அவங்களை வெறியங்கன்னு அச்சடிச்சு ஊர் பூரா வித்தா என்னால தாங்க முடியாது."

எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவள் தோளில் தட்டி, "பாத்துக்கறேன்" என்றேன். மத்தியானம் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன், நாற்காலியை.

மத்தியானக் கூட்டம் முழு ஜனநாயக முறையில் நடந்தது. கதவைச் சாத்தினார்கள். முதலாளி மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். தங்கையும் என்னைத்தான் பார்த்தாள்.

"சொல்லுங்க. இது படையா, சபையா?"

நான் தொண்டையைக் கனைத்தேன். "தங்கச்சி எதை நினைச்சு வரைஞ்சாளோ தெரியாது சார். ஆனா வந்திருக்கறது படைதான்."

"ஏத்துக்கறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கையும் மேலே போனது. என் கை கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டது. வாக்கெடுப்பு முடிந்தும் யாரும் இறக்கவில்லை, முதலாளி இறக்கச் சொல்லாததால்.

தங்கை அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் கிடந்த தன் மண்டபத்தைப் பார்த்தாள்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன் அண்ணா" என்றாள். "வெறியங்க எப்படி இருப்பாங்கன்னு பாக்கத்தான் இந்த ரூம்ல உக்காந்து வரைஞ்சேன். வெறியனுக்காவது ஏதோ ஒண்ணுல நம்பிக்கை இருக்கும். இங்க யாருக்கும் எதுலயுமே இல்ல."

பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். பக்கங்கள் அலுவலகச் சொத்து என்பதால் இங்கேயே இருக்கின்றன.

முதலாளி எங்களைக் கை இறக்கச் சொன்னார். நான் அப்போதே வேலையைத் தொடங்கினேன். படத்தில் ஒரு கோட்டைக்கூடத் தொடவில்லை, குமிழிகளை மட்டும் மாற்றினேன். சபையிலிருந்து குழந்தைகளை மீட்டு ஓடும் பெண், "ஓடுங்க, கதவு திறந்திருக்கு!" என்று கத்துவாள். அதை, "சிக்கினீங்களா! இனி தப்ப முடியாது!" என்று ஆக்கினேன். கடவுள் இல்லாதவனுக்குக் கருப்பு வண்ணம் அடிக்கச் சொன்னேன். மகாகுருவின் பெயரை 'மாவீரன்' என்று மாற்றியதோடு சரி. "கேள்வி கேட்பவன் சாம்பலாவான்!" என்ற அவன் வசனம் வீரனுக்கும் கச்சிதமாகப் பொருந்தியதால் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

புத்தகம் வந்துவிட்டது. அமோக விற்பனை. தங்கையின் பெயர் இருந்த இடத்தில் 'சித்திரம்: ஆசிரியர் குழு' என்று போட்டிருக்கிறோம். அந்தக் குழு நான்தான். அவள் என்னோடு பேசுவதில்லை. என் மனைவி வழியாகக்கூடப் பேசுவதில்லை. கலைஞர்களுக்கு உணர்ச்சி அதிகம்.

போன வாரம் ஒரு வாசகர் அலுவலகத்துக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், மண்டபத்துல அத்தனை பேரும் ஒரே மாதிரி கை தூக்கறாங்களே, அவங்களுக்கு மருந்து குடுத்தாங்களா, மந்திரம் போட்டாங்களா? கதையில எங்கயுமே சொல்லலையே?" என்று கேட்டார்.

எங்கள் நிறுவனத்தின் மேல் அப்படியொரு சந்தேகம் வருவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆசிரியர் என்ற முறையில் இந்த விளக்கத்தைப் பெருமையோடு பதிவு செய்கிறேன். மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை. யாரும் எங்களை மயக்கவில்லை, மிரட்டவில்லை. நாங்கள் முழு நினைவோடுதான் கை தூக்கினோம்.