மூன்றாவது வளைவைத் தாண்டாத பொலிகாளை

ஒரு காட்டில் ஒரு மலையும், அந்த மலையைக் கவனித்துக்கொள்ள அடிவாரத்தில் ஓர் அலுவலகமும் இருந்தன. மலை உச்சியில் நாற்பது பசுக்கள் மேய்ந்தன. அலுவலகத்தில் ஒரு நரி உட்கார்ந்திருந்தது. அது ஒருநாளும் மலை ஏறியதில்லை. அதிகாரி என்றால் அப்படித்தான் இருப்பார் என்று பசுக்களும் விட்டுவிட்டன.

இருந்த ஒரே பொலிகாளையும் செத்துப்போனதால் இரண்டு வருடமாகக் கன்று இல்லை. மூன்றாம் வருடமும் கன்று பிறக்காவிட்டால் மலை வெள்ளாடுகளுக்குப் போய்விடும் என்று நோட்டீஸ் வந்தது. தலைப்பசு குறும்பாயிக்கு அன்றிலிருந்து அசைபோடவே மனம் வரவில்லை.

புதுப் பொலிகாளைத் தேர்வுக்கு இரண்டு காளைகள் வந்தன. செவலை, அலுவலகத் தொட்டியில் வளர்ந்தது. வேளை தவறாமல் மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, எள்ளுப் புண்ணாக்கு. ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும், அப்படி ஒரு மினுமினுப்பு. காரி, மலைச்சரிவில் புல்லையும் வேலங்காயையும் தின்று வளர்ந்தது. நிறம் கறுப்பு. விலா எலும்பைத் தூரத்தில் நின்றே எண்ணிவிடலாம்.

தேர்வுப் படிவத்தில் எடை, திமில், பளபளப்பு என்று மூன்று கட்டங்கள் இருந்தன. மலை ஏறத் தெரியுமா என்று கேட்க ஒரு கட்டம் போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. செவலை ஏறி நின்றதும் எடை மேடை முனகியது. நரி உடனே மாலை போட்டுவிட்டது. காரியிடம், உடம்பைத் தேற்றிக்கொண்டு அடுத்த தடவை வரும்படி சொல்லி அனுப்பியது.

மேளம் கொட்டிச் செவலையை மலைக்கு அனுப்பினார்கள். முதல் வளைவில் அதற்கு மூச்சு வாங்கியது. இரண்டாவது வளைவில் குளம்பு வலித்தது. மூன்றாவது வளைவில் ஒரு புங்கமரம் இருந்தது. அங்கே படுத்த செவலை, தீவனம் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டது. புல் இருக்கிறதே என்று காட்டினார்கள். அது தரையில் அல்லவா கிடக்கிறது என்றது செவலை.

பத்தே நாளில் செவலை இளைக்க ஆரம்பித்தது. பொலிகாளையின் எடை குறைந்தால் நரியின் வேலைக்கே ஆபத்து. அதனால் தினமும் ஒரு மூட்டைத் தீவனத்தை மேலே கொண்டுபோக ஆள் தேடியது. மூட்டையோடு மலை ஏறக் காரியைத் தவிர யாரும் கிடைக்கவில்லை. தீவனம் சுமக்கும் தற்காலிக உதவியாளர் என்று காரிக்கு உத்தரவு எழுதிக் கொடுத்தார்கள்.

காரி மூட்டையை மூன்றாவது வளைவில் இறக்கிவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று உச்சிக்குப் போய்ப் புல் மேய்ந்துவிட்டு இறங்கும். பருவம் முழுக்க இப்படியே நடந்தது.

அடுத்த வருடம் முப்பத்தொரு கன்றுகள் பிறந்தன. முப்பத்தொன்றும் கறுப்பு.

மலை தப்பியது. நரி தீவனத்தின் மகிமையைப் பற்றிப் பன்னிரண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதியது. எள்ளுப் புண்ணாக்கு கறுப்பு என்பதால் கன்றும் கறுப்பு என்று அதில் ஒரு பத்தி இருந்தது. குறும்பாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரியையும், நாலு இடத்தில் படுத்து ஓய்வெடுத்துக் கீழே இறங்கிய செவலையையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டது.

"ஏனுங்க, கன்னுகளோட அப்பன் இவனுங்க. இவன் பேரை எழுதுங்க" என்று காரியைக் காட்டியது குறும்பாயி.

செவலை நல்ல மாடு. அதுவும் ஒத்துக்கொண்டது. "நான் மூணாவது வளைவைத் தாண்டுனதே இல்லீங்க."

"தாண்டாமலேயே முப்பத்தொன்று" என்று நரி அதையும் அறிக்கையில் சேர்த்துக்கொண்டது.

குறும்பாயி கொம்பை மேசை மேல் வைத்தது. அதற்குப் பிறகு நரி வளைந்து கொடுத்தது. காரியையே பொலிகாளையாக அறிவிக்கலாம், ஆனால் விதிப்படி பொலிகாளை புல்லில் வாய் வைக்கக் கூடாது, தொட்டித் தீவனம்தான் தின்ன வேண்டும், செவலையின் எடைக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று விளக்கியது. விளக்கிக்கொண்டே தொட்டியையும் நகர்த்தி வைத்தது.

ஒரு வருடமாக அந்த வாசனையை முதுகில் சுமந்த காரி, கண்ணை மூடிக்கொண்டு தொட்டிக்குள் மூக்கை இறக்கியது. அதன் வால் தானாக ஆடியது.

குறும்பாயி காரியைப் பார்த்தது. பக்கத்தில், நின்றால் கால் வலிக்கும் என்று படுத்திருந்த செவலையையும் பார்த்தது. பிறகு மலையை அண்ணாந்து பார்த்தது. சட்டென்று காரியின் காதைக் கடித்துத் தொட்டியிலிருந்து வெளியே இழுத்தது.

"நான் சொன்னது பொய்யிங்க" என்றது. "கன்னுக அத்தனையும் செவலையோடதுதான். இவன் மூட்டை தூக்குறவன், அவ்வளவுதானுங்க."

"அக்கா, ஒரு வாய்தான் தின்னேன்" என்றது காரி.

"அந்த ஒரு வாய்தான்டா பயமா இருக்குது" என்றது குறும்பாயி.

செவலைக்கு விருது கிடைத்தது. காரி இன்றுவரை குறும்பாயியோடு பேசுவதில்லை. கோபத்தில் மூட்டையை முன்னைவிட வேகமாகத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறது.

நீதி: நன்றாக வேலை செய்கிறவருக்குப் பாராட்டு கிடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது, அவரை நம்பியிருப்பவர்களின் கடமை.