கோணல் வெல்டிங்

"லேபர் ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. உங்க பேரைச் சொல்லித்தான் கேக்குறாங்க," என்று பக்கத்து வேலைமேடை ஹில்கா சொன்னதும் ஒஸ்மோ வெல்டிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டார்.

சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்கு விறகடுப்பு செய்யும் அந்தத் தொழிற்சாலைக்குப் பின்னால் புதுக்கூடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதில் அடுத்த மாதம் பன்னிரண்டு பேர் புதிதாகச் சேர இருந்தார்கள். ரொம்ப நாள் வேலையில்லாமல் கிடப்பவர்களைச் சேர்த்துக்கொண்டால், சம்பளத்தில் பாதியை அரசாங்கமே மானியமாகத் தரும். அந்தப் புண்ணியத்தில்தான் ஐம்பத்தாறு வயதில் தன்னையும் எடுத்தார்கள் என்று ஒஸ்மோ வீட்டில் சொல்லியிருந்தார்.

சேரும்போது, 'இரண்டு வருஷமாக ஒரு வேலையும் பார்க்கவில்லை' என்று கம்பெனியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். நடுவில் ஒரு கோடையில் மூன்று வாரம் மச்சான் பட்டறையில் வேலை பார்த்ததை மட்டும் எழுதவில்லை. அது ஹில்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

"தெரிஞ்சுபோச்சு ஹில்கா. என் கதை முடிஞ்சுது."

"சத்தம் போடாதீங்க. இப்படி நூல் பிடிச்ச மாதிரி வெல்டிங் அடிச்சா, ரெண்டு வருஷம் சும்மா இருந்த கைன்னு யார் நம்புவா? கொஞ்சம் கோணலா அடிங்க."

அடித்தார். வாசலையே பார்த்துக்கொண்டு அடித்ததில் கொஞ்சம் கோணல் ரொம்பக் கோணலாகி, அடுப்பின் கதவு அடுப்போடு ஒட்டிக்கொண்டது.

சூப்பர்வைசர் ரெய்யோ ஓடிவந்தார். "யோவ், என்னய்யா இது! விறகை எந்தப் பக்கமா வைக்கிறது? அந்தம்மா வர்ற நேரமாப் பார்த்து!"

"கண்ணு... கண்ணு சரியாத் தெரியலை."

சொல்லியிருக்கக் கூடாது. கண் தெரியாதவர் கையில் நெருப்பா என்று பதறி, ரெய்யோ நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள்.

"இவ்வளவு பிரஷரை வச்சுக்கிட்டு எப்படி நிக்கிறீங்க? ஆம்புலன்ஸ் வரச்சொல்லவா?"

"வேணாம்மா! காலையில ஏழு கப் காபி குடிச்சேன். அதான்."

"ஏழா!"

உடனே அவரைப் பெஞ்சில் படுக்கப்போட்டு, தலைப்பக்கம் ஒரு பெட்டியை முட்டுக்கொடுத்தாள். கைவேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையில் ஒரு ஃபைலோடு, லேபர் ஆபீஸ் அம்மா வந்து நின்றார்.

"இவர்தான் ஒஸ்மோவா?"

ஒஸ்மோ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மறுபடியும் பகலெல்லாம் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போவதையும் வருவதையும் பார்க்கணுமா? அது போகட்டும். தன் ஒரு பொய்யால் மானியம் மொத்தமும் நின்று, புதுக்கூடமும் நின்று, அடுத்த மாதம் சேர வேண்டிய பன்னிரண்டு பேரும் தெருவில் நின்றால்?

அதற்குமேல் தாங்கவில்லை. விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தார்.

"பொய் சொல்லிட்டேம்மா! மூணு வாரம் மச்சான் பட்டறையில வேலை பார்த்தேன். எனக்குக் குடுத்த மானியத்தைத் திருப்பி எடுத்துக்குங்க. கம்பெனியை ஒண்ணும் பண்ணிடாதீங்க!"

அந்த அம்மா ஃபைலைப் புரட்டினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் புரட்டினார்.

"உங்களுக்கு மானியம் வேணும்னு கம்பெனி எங்ககிட்டக் கேக்கவே இல்லையே, சார். அடுத்த மாசம் சேர்ற பன்னிரண்டு பேருக்கும் வெல்டிங் கத்துக்குடுக்க இந்த ஊர்லயே உங்களை விட்டா ஆளில்லைன்னு முதலாளி எழுதியிருந்தார், அதான் உங்க வேலையைக் கண்ணால பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."