அந்த அப்பாவைத் தூக்குங்க

ஆவடிப் பக்கம் எங்கள் சேக்காட்டில் முட்டு என்று ஒருவன் உண்டு. அவன் முட்டாத சுவர் உலகத்திலேயே கிடையாது. தலையால் அல்ல, கம்ப்யூட்டரில். எந்த வீடியோ கேமைக் கொடுத்தாலும், கதாநாயகன் எதிரியைத் தேடிக் கிளம்புவதற்குள் இவன் அவனைத் திருப்பி, பக்கத்துச் சுவரில் மொத்து மொத்தென்று முட்ட விடுவான். ஏதாவது ஒரு சுவர் வழிவிட்டு, கதாநாயகன் அந்தரத்தில் விழுந்தால் முட்டுவுக்கு அன்றைக்குத் தீபாவளி.

வயது முப்பத்தைந்து இருக்கும். நிஜப் பெயர் ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். தொழிலைக் கேட்டால் "பீட்டா டெஸ்டிங்" என்பான். கேம் செய்து முடித்தாயிற்று, ஆனால் இன்னும் வெளியிடவில்லை. அந்த இடைவெளியில் வெளியாட்கள் சிலரிடம் கொடுத்து ஆடச் சொல்வார்களாம். எங்கே நிற்கிறது, எங்கே குழப்புகிறது, எங்கே உடைகிறது என்று அவர்கள் சொன்னால், சரி பண்ணிவிட்டு ஊருக்கு விடுவார்களாம்.

"அப்போ விளையாடுறதுக்குச் சம்பளமா?" என்று கேட்டேன்.

"வெளையாடறதுக்கு இல்ல சார், கெடுக்கறதுக்கு. இத்த எவனும் பண்ண மாட்டான்னு நெனச்சி உட்டு வச்சிருப்பான் பாரு, அத்த பண்ணணும்."

அதைக் கேமோடு நிறுத்தியிருந்தால் தெரு பிழைத்திருக்கும். பக்கத்து அடுக்குமாடியில் புது லிஃப்ட் வந்த அன்று, திறக்கும் பொத்தானையும் மூடும் பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்கிக்கொண்டே போனான். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே அவனோடு குடியிருப்போர் சங்கச் செயலாளர். வெளியே நாங்களெல்லாம் பதற, உள்ளேயிருந்து குதூகலமாக ஒரு குரல்: "செகரெட்டரி சார், மாட்டிகிச்சு பாத்தியா! நான் சொன்னேன்ல!"

நாங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸை விட்டுச் சொந்த வீட்டுக்கு வந்தபோது, கிரகப்பிரவேசத்துக்கு அவனை யாரும் அழைக்கவில்லை. வந்தான். ஐயர் கலசத்துக்குத் தண்ணீர் கேட்ட நேரத்தில், வீட்டிலிருந்த அத்தனை குழாயையும் ஒன்றாகத் திறந்துவிட்டிருந்தான். தொட்டி காலி. "மாடி பாத்ரூமுக்கு தண்ணியே ஏறல சார். இப்பவே மேஸ்திரிய புடி," என்று சொல்லிவிட்டு, முதல் பந்தியில் முதல் இலையில் போய் உட்கார்ந்தான். மேஸ்திரியைப் பிடித்தேன். முட்டு சொன்னது சரியாக இருந்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் வயிற்றெரிச்சல் உண்மையில் தொடங்கியது, கல்லூரிக் கடைசி வருஷம் படிக்கும் என் மகள் யாழினி சொந்தமாக ஒரு கேம் செய்தபோதுதான். ஒரு பெண் ஆவடியில் மின்சார ரயிலைப் பிடித்து, கூட்டத்தையும் மழையையும் சமாளித்து, வேலைக்குப் போய் வீடு திரும்ப வேண்டும். அதில் ஓர் அப்பா உண்டு. திரைக்கு வர மாட்டார், போனில் மட்டும். "எங்கம்மா இருக்க? சாப்ட்டியா?" எடுத்துப் பதில் சொன்னால்தான் ஆட்டம் நகரும். அந்த அப்பா யாரென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு ரசம் சாதம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் தலை நரைத்தவன் நான். இம்மி பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவன். என்னைவிட டெஸ்ட் பண்ண யார் இருக்கிறார்கள்? அவளும் முதலில் என்னிடம்தான் கொடுத்தாள். நான் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காமல், டிக்கெட் வரிசையில் ஒழுங்காக நின்று, மேம்பாலம் ஏறி இறங்கி, ரயிலைத் தவறவிட்டேன். அடுத்த ரயிலையும் விட்டேன்.

"எப்படிப்பா இருக்கு?"

"சூப்பர்மா."

குறை ஒன்றும் தென்படவில்லை. பெற்ற பெண் செய்ததில் யாருக்குத் தென்படும்?

அப்புறம் முட்டு வந்தான். என் நாற்காலியில் உட்கார்ந்தான். என் டம்ளரில் என் மனைவி கொடுத்த காபியைக் குடித்தான். கேமில் வரும் பெண்ணை டிக்கெட் கவுண்ட்டரில் முட்ட விட்டான், ரயில் கூரையில் ஏற்றினான், பிளாட்பாரக் கடைக்குள் நுழைத்து வடைச் சட்டியில் உட்கார வைத்தான்.

"இன்னா பாப்பா கேம் பண்ணிகீற? ஒரே ஓட்டையா கீது!"

"எங்கண்ணா? எங்க, எங்க?" என்று அவள் துள்ளினாள். என்னுடைய எந்த சூப்பருக்கும் அவள் அப்படித் துள்ளியதில்லை. "அப்பா, அண்ணாவுக்கு அந்த சார்ஜரை எடுத்துட்டு வாங்களேன்."

எடுத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு இணையத்தில் முகம் தெரியாத சிலருக்கும் அனுப்பினாள். அவர்கள் எழுதியதை அவள் தோளுக்குப் பின்னால் நின்று நானும் படித்தேன். ஒருவர்: "ரயில் அருமை. அந்த அப்பாவைத் தூக்குங்க." இன்னொருவர்: "அப்பா தொல்லை தாங்கல." மூன்றாமவர்: "போனை எடுக்காம ஓட வழி இருக்கா?" கீழே போகப் போக அதேதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து மறுபடியும் படித்தேன்.

யாழினி நகத்தைக் கடித்தாள். "எல்லாரும் சொல்றாங்கப்பா. எடுத்துடலாமா?"

"எடுத்துடும்மா. கேம்தானே," என்றேன்.

"இருங்க, அண்ணா என்ன சொல்றார்னு பாத்துட்டு முடிவு பண்றேன்."

தொலைந்தேன் என்று நினைத்தேன். நான் இருப்பதா போவதா என்பதை, என் வீட்டுத் தொட்டியைக் காலி பண்ணியவனா சொல்ல வேண்டும்? கெடுப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் ஆயிற்றே!

மறுநாள் சாயங்காலம், தன் வீட்டில் ஆடிப் பார்த்துவிட்டு வந்தான். வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"பாப்பா, பெரிய கோளாறு ஒண்ணு கீது. மழைக்கு பாலத்துக்கு அடில ஒதுங்கினேனா, அங்க அப்பா போனே வரல."

"கொஞ்ச நேரம் நின்னு பாத்தீங்களா?"

"எம்மா நேரம் பாத்தேன் தெரியுமா? பொண்ணு மழைல மாட்டிகினு கீது, ரயிலும் பூட்ச்சு, மனுசன் கூப்ட வாணாம்? இதோ கூப்டுவாரு, இதோ கூப்டுவாருன்னு பாத்துகினே குந்தியிருந்தேன். வர்ல. மொதல்ல இத்த சரி பண்ணு."

யாழினி என்னைப் பார்த்தாள். "அண்ணா, மத்தவங்கல்லாம் அப்பாவையே எடுத்துடச் சொல்றாங்க."

"அவனுங்களுக்கு ஊட்டுலர்ந்து கூப்டுறாங்க, தொல்லையா கீது," என்றான் முட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நமக்கு கூப்டுறது லோன் வேணுமான்னு கேக்கற பொண்ணு மட்டும்தான்."

சொல்லிவிட்டு மறுபடி சுவரில் முட்டப் போய்விட்டான். நான் உள்ளே போய், அவன் கேட்காமலே இன்னொரு காபி கொண்டுவந்து வைத்தேன். என் டம்ளரில்தான்.

கேம் வெளிவந்துவிட்டது. அப்பா இருக்கிறார். பாலத்துக்கு அடியிலும் போன் அடிக்கிறது. எடுக்காமல் ஓடவும் ஒரு வழி வைத்திருக்கிறாள். அது நியாயம்தான்.

புதிதாக எது செய்தாலும் யாழினி இப்போது அவனிடம்தான் முதலில் காட்டுகிறாள். பொறாமை அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் சாயங்காலம் அவளுக்குப் போன் போட்டு, எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்டு முடித்ததும், இன்னொரு நம்பருக்கும் போடுகிறேன். முதல் தடவை எடுக்க மாட்டான். கட் பண்ணினால் மறுபடியும் வருகிறதா என்று டெஸ்ட் பண்ணுகிறான், படவா.

மறுபடியும் போடுகிறேன்.