நூறில் வைத்தும் கேட்காத சம்பந்தி

“அப்பா, அந்த ஸ்பீக்கரைத் தொடாதே. இப்பத்தான் நமஸ்காரம்னு ஏதோ காதுல விழுந்தது.”

“தொடலைடி. நூறுல வெச்சிருக்கேன். அதுக்கு மேல எங்க போறது?”

“முதல்ல அவாளைப் பார்த்து சிரிங்கோ,” என்றாள் அம்மா ருக்கு, சிரித்த வாயை அசைக்காமல்.

சுந்தரராமன் சிரித்தார். மும்பை மாட்டுங்கா வீட்டுக் கூடத்தின் கணினித் திரையில், நவி மும்பை கோபர்கைரனேயிலிருந்து மூன்று பேர் பதிலுக்குச் சிரித்தார்கள். நடுவில் பிள்ளையின் அப்பா மகாதேவன். ஒரு பக்கம் அவர் மனைவி, மறுபக்கம் அவர் தங்கை பிரேமலதா. பிள்ளை ஷ்ரவண் அந்த நேரம் பெங்களூர் விமானத்தில் இருந்தான். அவனும் சுந்தரராமனின் மகள் ஹரிதாவும் மூன்று முறை சந்தித்து, காபி குடித்து, முடிவெடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் பேச வேண்டியது மட்டும் பாக்கி. நாலரைக்கு ராகு காலம் என்பதால் மூன்றரைக்கே ஆரம்பித்திருந்தார்கள்.

ஹரிதா அப்பாவிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. மே மாதம் சி.ஏ. கடைசிப் பரீட்சை. இரண்டு தடவை எழுதியும் தேறவில்லை. இந்தத் தடவை முடியும்வரை கல்யாணம் வேண்டாம். அதை எல்லோருக்கும் முன்னால் அப்பாதான் சொல்ல வேண்டும்.

கணினி, ஆபீஸில் கொடுத்த பழைய பெட்டி. அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. ஆகவே சுந்தரராமன் காலையில் தாதருக்குப் போய் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வந்திருந்தார். “டென்ஷன் நை லேனேகா, அங்கிள்,” என்று, கவலையே வேண்டாம் என்கிற தோரணையில் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஸ்பீக்கர் இணைந்தது. சத்தம்தான் கூடவில்லை. மகாதேவனின் குரல், பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்தில் முனகுவதுபோல் வந்துகொண்டிருந்தது.

“போன்ல பேசிடலாமே,” என்று கிசுகிசுத்தாள் ஹரிதா. வணக்கம் சொல்லிவிட்டுக் காமிராவுக்கு எட்டாமல், தலையை மட்டும் ஓரமாக நீட்டித் திரையைப் பார்த்தபடி மேஜையடியில் உட்கார்ந்திருந்தாள்.

“நல்ல காரியத்தை நடுவுல கட் பண்ணுவாளா?”

“அப்போ கேக்கலைன்னு சொல்லிடு.”

“சம்பந்தியாகப் போறவர்கிட்ட மொத வார்த்தையே ‘என்னது’ன்னு கேக்கணுமா?”

அவர் ஸ்பீக்கரின் கூட்டல் பொத்தானை அழுத்திப் பிடித்தார். உள்ளே இருந்த ஒரு பெண், இதற்கு மேல் ஒலி கூடாது என்று ஆங்கிலத்தில் அலறினாள். ருக்குவின் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது. திரையில் மூவரும் இமைகூடக் கொட்டவில்லை.

“பெரிய மனுஷா,” என்றாள் ருக்கு. “கண்டும் காணாம இருக்கா பாருங்கோ.”

அந்தப் பெண்ணுக்குப் பிறகு மகாதேவன் மறுபடி முனகலானார். சுந்தரராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பரீட்சை, மே மாதம், அதற்கப்புறம்தான் எல்லாம். மகாதேவன் கண்களை மூடி, மிக மெதுவாகத் தலையாட்டினார்.

“ஒத்துண்டார்,” என்றார் சுந்தரராமன்.

“எப்படித் தெரியும்?” என்றாள் ஹரிதா.

“தலையாட்டினாரே.”

கணினியின் பட்டியலில் ஒரே ஸ்பீக்கரின் பெயர் இரண்டு முறை இருந்தது. சுந்தரராமன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். இப்போது மகாதேவன் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பேசினார். ஒலிக்கோட்டை இழுத்தால் எண் மட்டும் மாறியது. தொட்டிக்குள்ளிருந்து நீளமாக ஏதோ வந்து, கேள்விபோல முடிந்தது.

“பேஷா,” என்றார் சுந்தரராமன்.

மகாதேவன் எழுந்து போய்த் தினசரிக் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து காமிராவுக்கு முன் பிடித்தார். விரலால் ஓரிடத்தைத் தட்டினார்.

“பேஷா. திவ்யமா.”

ஹரிதா அவர் முழங்காலைக் கிள்ளினாள். “அப்பா, அது தேதி. என்ன தேதி?”

“செவப்பா இருக்கு.”

“மாசம்?”

“அவர் கட்டைவிரல் மறைக்கறது.”

ஸ்பீக்கரை அடியோடு நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் சரியாகும் என்று அவருக்குத் தோன்றியது. நீக்குவது உடனே நடந்தது. சேரவில்லை. தேடிய இடத்தில் மூன்றாவது மாடிக்காரரின் டிவிதான் வந்தது. கூடம் நிசப்தமாயிற்று. அந்த நிசப்தத்தில் மகாதேவனின் மனைவி ஏதோ கேட்டாள், பிரேமலதா ஏதோ கேட்டாள், மகாதேவன் மறுபடி கேட்டார். கேள்வி முடிந்ததைப் புருவத்தைக் கொண்டு கண்டுபிடித்து, சுந்தரராமன் ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டுப் பதில் சொன்னார்.

“ஏழு பேஷா ஆச்சு,” என்றாள் ஹரிதா. “அரே, நான் இருக்கேனா, வித்துட்டியா?”

“நீங்க கொஞ்சம் யோசிக்கற மாதிரியாவது பண்ணப்படாதா?” என்றாள் ருக்கு.

“யோசிச்சா இஷ்டமில்லைன்னு நினைச்சுப்பா.”

ஹரிதா விசைப்பலகையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஸ்பீக்கரை அணைத்துப் போட்டுத் தேடினாள். இந்தத் தடவை சேர்ந்தது. மொத்த ஒலி நூறில்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நிரலுக்கும் தனியாக ஒரு கோடு இருப்பதையும், பேச்சு நடக்கும் ஜன்னலுக்கான கோடு இரண்டில் கிடப்பதையும் அவள் அப்போதுதான் பார்த்தாள். மேலே தள்ளினாள்.

“அப்போ நீங்க சொன்னபடியே எல்லாம் ஆகட்டும்,” என்று மகாதேவன் கூடம் அதிரச் சொன்னார். “ராகு காலம் வரப்போறது. வெச்சுடறோம்.”

திரை கறுத்தது.

“கேட்டியா?” என்றார் சுந்தரராமன். “நான் சொன்னபடியே ஆகட்டுமாம். நான் சொன்னது மே மாசம்.”

“அப்போ காலண்டர்?”

“ஜூன்ல ஏதாவது நல்ல நாளா இருக்கும்.”

ஹரிதா மேஜையடியிலிருந்து வெளியே வந்தாள். ஒரு மணி நேரத்தில் முதல் முறையாகக் காலை நீட்டினாள். ருக்கு கேசரியைக் கிண்ணத்தில் போட்டு ஒரு வாய் மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை ஒட்டியதால் ஸ்பீக்கரில் போட்டாள். பிரேமலதாவின் கிசுகிசுப்பு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

“ருக்கு மாமி, அண்ணா பக்கத்து ரூம்ல இருக்கார், அதான் மெதுவா பேசறேன். ஆரம்பத்துலேர்ந்தே உங்க குரல் இங்க ஒரு வார்த்தை வரலை. சம்பந்தியாகப் போறவர்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு அண்ணா எல்லாத்துக்கும் தலையாட்டி வெச்சுட்டார். நாங்க எதுக்கெல்லாம் சரின்னோம்னு மட்டும் கொஞ்சம் சொல்லிடறேளா?”