நாலாயிரம் புள்ளியில் ஓர் எருமை

சும்மா இருக்கத் தெரியாதவனிடம் கம்ப்யூட்டரைக் கொடுத்து நான்கு நாள் வீட்டில் உட்கார வைக்கக் கூடாது. எதையாவது செய்து தொலைப்பான். நான் செய்தேன், அதுவும் சினிமாவில்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கச்சிராயபாளையத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஒரு சென்னைப் படத்துக்கு இரண்டு நிமிட அனிமேஷன் செய்துகொண்டிருந்தேன். கதாநாயகி காணும் கனவு: கல்வராயன் மலையிலிருந்து ஆடு மாடெல்லாம் வரிசையாக இறங்கி வரும். "டூ கே போதும் தம்பி" என்று இயக்குநர் சொல்லியிருந்தார். அதாவது படத்தின் அகலத்தில் இரண்டாயிரம் புள்ளிகள். தியேட்டர் திரைக்கு அது தாராளம்.

அந்த நேரம் பார்த்து இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலை மறியல், பஸ் கிடையாது. முடித்த படத்தைச் சென்னைக்குக் கொண்டுபோக வழியில்லை. அவர் கேட்டது டூ கே, நாம் யார்? ஃபோர் கே! நாலாயிரம் புள்ளியில் எல்லாவற்றையும் மறுபடி வரைந்தேன், ஆட்டு ரோமம் முதற்கொண்டு. கம்ப்யூட்டர் கொதித்தது. டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு நான் வியர்வையில் குளித்தேன். (யாரும் கேட்கவில்லை, திரும்பவும் சொல்கிறேன்.)

அந்த வாரம்தான் அம்மாவின் தம்பி கோவிந்தசாமி மாமாவிடம் செல்வியைப் பெண் கேட்டிருந்தேன். எனக்கும் செல்விக்கும் பிடித்துப்போன விஷயம் ஊருக்கே தெரியும். மாமா கரும்புத் தோட்டத்தில் நின்றபடியே சொன்னார்:

"பொம்ம போட்டுக்கினு கீறவனுக்கெல்லாம் பொண்ணு கெடையாது. வேற வூடு பாரு."

அந்த ஆத்திரத்தில், படத்தின் மூலையில் நின்ற எருமைக்கு மாமாவின் மீசையை வைத்தேன்: ஒரு பக்கம் முறுக்கு, ஒரு பக்கம் தொங்கல். கழுத்தில் ஒரு பலகை: 'பொண்ணு கெடையாது. வேற வூடு பாரு.' செல்போனில் போட்டுப் பார்த்தேன். எருமை மிளகு அளவு இருந்தது. மீசையும் தெரியவில்லை, பலகையும் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன், மடையன்.

பஸ் ஓடியதும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சில நாளில் இயக்குநர் போன் செய்தார். "பெருசா குடுத்தது நல்லதாப் போச்சு தம்பி. படம் உடையாம உள்ள ஜூம் போக முடிஞ்சுது."

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எதற்குள்ளே ஜூம் போனீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை.

படம் வெளியானது. என் வேலையைக் கண்ணால் பார்த்தால் மாமா மனசு மாறும் என்று கெஞ்சிக் கூத்தாடி, அவரையும் அத்தையையும் செல்வியையும் கள்ளக்குறிச்சி தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். திரையில் மலை வந்தது. ஆடுகள் இறங்கின.

"இத்தெல்லாம் நீயா போட்ட?" மாமாவின் குரலில் மரியாதை! பாதி கல்யாணம் முடிந்துவிட்டதாகவே நினைத்தேன்.

பிறகு கேமரா மெல்ல மூலைக்குப் போனது. போய்க்கொண்டே இருந்தது. திரை முழுக்க மாமா! மீசை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். பலகை பஸ் போர்டு மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

தியேட்டரே விசிலடித்தது. பின்வரிசையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கத்தினார்: "டேய், நம்ம கோயிந்தசாமிடா!"

இடைவேளையில் மாமா என் காலரைப் பிடித்தார். "இன்னாடா இது?"

செல்வி குறுக்கே வந்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணெல்லாம் தண்ணீர். "நீ சொன்னதத்தாம்பா எழுதிக்கீறாரு. ஒரு எழுத்து ஜாஸ்தி கெடையாது."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். அதற்குள் மாமாவோடு செல்பி எடுக்க இரண்டு பேர் வந்து நின்றார்கள். மாமா காலரை விட்டார். மீசையைச் சரிசெய்தார். போஸ் கொடுத்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"நாளைக்கு அக்காவ இட்டுக்கினு வூட்டுக்கு வா."

"எதுக்கு மாமா?"

"அந்தப் பலகைய மாத்தி எழுத வாணாமா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை சந்தோஷம்.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷத்தில் யார் கேமராவைத் தூக்கினாலும் மாமா கையை நீட்டித் தடுப்பார். "மாப்ள, எத்தினி புள்ளின்னு மொதல்ல கேட்டுச் சொல்லு." நான் கேட்டுச் சொன்ன பிறகுதான் சிரிப்பார்.