நவம்பர் வேட்டைக்கு ஒரு கையெழுத்து

பனியில கிடக்கிற ஒத்தைக் குளம்புத் தடத்தைப் பார்த்தே, அது கிடாவா பெட்டையா, மத்தியானம் எங்க போய்ப் படுக்கும்னு சொல்லிப்புடுவான் வெர்லின். விஸ்கான்சின்ல அந்த வட்டாரத்துக்கே மான் வேட்டையில பெரிய கை. அப்பேர்ப்பட்டவனுக்குப் பொண்டாட்டி மூஞ்சியில இருக்கிற தடம் தெரியாமப் போயிடுமா?

பிப்ரவரி மாசம். ஒரு வாரமா கிரேட்டா காபியைத் தொடலை. பட்டப்பகல்ல சோபாவுல சாயுறா. பல்லு விளக்கப் போனா ஓங்கரிக்கிற சத்தம். வெள்ளிக்கிழமை ஊரே கூடி வறுத்த மீன் திங்கிற கடையில, தட்டு வந்ததும் எந்திரிச்சு ஓடி வெளிய பனியில நின்னா. கல்யாணமாகி ஆறு வருசத்துல ஒரு வெள்ளிக்கிழமை மீனை விட்டவ இல்லை அவ.

வெர்லினுக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ஆறு வருசமா ஏங்கின புள்ளை. அவ தட்டு மீனையும் சேர்த்துத் தின்னுக்கிட்டே விரல் விட்டு எண்ணினான். மார்ச்சு, ஏப்ரலு... ஒன்பதாவது விரல் நவம்பர்ல வந்து நின்னுச்சு. மீன் தொண்டையில நின்னுச்சு.

மான் வேட்டைக்கு அரசாங்கம் விடுறதே வருசத்துல ஒன்பது நாள், அதுவும் நவம்பர்லதான். பன்னண்டு வயசுலேர்ந்து அண்ணனுங்களோட காட்டுக் குடிசைக்குப் போகாத வருசமே இல்லை. சரி, அவ வாயால சொல்றவரைக்கும் நமக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்குள்ள வாக்கு வாங்கிடணும்.

மறுநாள் ஆரம்பிச்சான்.

"கிரேட்டாம்மா, நவம்பர்ல வேட்டைக்குப் போறேன்."

"இப்ப பிப்ரவரிய்யா."

"என்ன நடந்தாலும் போவேன். தடுக்க மாட்டேன்னு எழுதிக் குடு."

"எனக்கு என்ன குடுப்ப?"

"என்ன வேணாலும் கேளு."

"அதுவரைக்கும் சமையல், வாசல் பனி தள்றது, பூனைப்பீ அள்றது எல்லாம் உன் வேலை."

"இவ்ளோதானா?"

ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. பேனாவை மூடி வச்சுட்டு அவ சொன்னா: "முழுகாம இருக்கேன்."

வாயைப் பொளந்தான் வெர்லின். அது கண்ணாடி முன்னாடி பழகின நடிப்பு. பொலபொலன்னு வந்த கண்ணீர் மட்டும் பழகாதது.

"போதும்யா. நேத்து நீ விரல் விட்டதை வெளிய நின்னு ஜன்னல் வழியாப் பார்த்தேன். தப்பா எண்ணிட்ட. குமட்டல் வர்றப்பவே ஒன்றரை மாசம் ஓடிருக்கும். அக்டோபர் நடுவுலன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அக்டோபரா? அப்ப எதுக்கு ஒன்பது மாசம் பூனைப்பீ?

"அப்ப நவம்பர்ல..." இழுத்தான்.

"தாராளமாப் போலாம், மூணு பேருமா. காலையிலயே உங்க அண்ணனுங்களைப் பார்த்துட்டு வந்துட்டேன். அடுப்புப் பக்கம் தொட்டிலுக்கு இடம் விட்டாச்சு. குடிசைக்குள்ள சுருட்டு, பீரு, சீட்டுக்கட்டு எதுவும் கிடையாதுன்னு அவங்களும் கையெழுத்துப் போட்டாச்சு."